எனக்குத்தான் சீனி, ஓவனுக்கு இல்லை

சனிக்கிழமை அச்சகத்தில் அரை நாள்தான் வேலை. டவுனில் ஆறு முட்டையும் ஒரு ஆரஞ்சு நிறத் தோடம்பழமும் வாங்கிக்கொண்டு அம்பிட்டிய பஸ்ஸில் ஏறினேன். இருக்க இடமில்லை. முட்டைப் பையை நெஞ்சோடு அணைத்தபடி, வளைவுக்கு வளைவு யார் மேலாவது சாய்ந்து, மன்னிப்புக் கேட்டு, ஒரு வழியாக வீடு வந்து சேர்ந்தேன். ஆறில் ஒன்றுகூட உடையவில்லை. அந்தச் சந்தோஷத்தோடு குசினிக்குள் போய்ப் பையை மேசையில் வைத்தேன்.

மேசையில் இடம் அதிகமாக இருந்தது.

ஓவனைக் காணோம். விரிப்பில் அதன் கால்கள் அழுந்திய நான்கு பள்ளங்கள் மட்டும் இருந்தன. அதற்குப் பின்னால் எத்தனையோ மாதமாக என் கைக்கு எட்டாமல் கிடந்த ஒரு தேக்கரண்டியும் கருகிப்போன கஜு இரண்டும் வெளிச்சத்தில் படுத்துக் கிடந்தன.

கள்ளன் வந்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எந்தக் கள்ளன் கேஸ் சிலிண்டரை விட்டுவிட்டு, பழைய ஓவனைத் தூக்கிக்கொண்டு போவான்?

முன்னறையில் எங்கள் வீட்டுக்காரர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பாடசாலை வேன் ஓட்டுகிறவர். சனி, ஞாயிறு இரண்டும் அவருக்கு டிவியோடு.

"என்னங்க, ஓவன் எங்க?"

"அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டேன்."

"எந்த அக்கா?"

"எனக்கு எத்தன அக்கா? பிலிமத்தலாவைக்குத்தான். காலைல வேன்ல ஏத்திக்கிட்டுப் போனேன்."

"என்னத்துக்கு?"

"என்னத்துக்குன்னா? ஒனக்குச் சீனி. அது இங்க இருந்தா நீ நிப்பாட்ட மாட்ட. ஒன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

இவ்வளவையும் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். கையில் தேத்தண்ணிக் கோப்பை. அதில் எத்தனை கரண்டி சீனி என்று நான் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. மூன்று. கல்யாணமான நாளிலிருந்து மூன்று.

இந்த வாரப் பத்தியைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பத்திரிகை ஆசிரியர் ஏதாவது குறைக்கச் சொன்னால் பக்கத்தைக் குறைத்துக் கொள்கிறேன். கோபத்தைக் குறைப்பதாக இல்லை.

துண்டுப்பிரசுரத்தில் ஐந்து பிழை

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று தெரிந்தது அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னால். பாதம் எரிந்தது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. அச்சகத்தில் புரூப் பார்க்கும்போது எழுத்து கலங்கித் தெரிந்தது. கண்ணாடியை மாற்ற வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டு போனவளை இரத்தம் சோதிக்க அனுப்பினார்கள். அங்கிருந்து நேரே கிளினிக் கொப்பி கைக்கு வந்துவிட்டது.

டொக்டர் சிங்களத்தில் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. சீனி, இனிப்பு, கேக், பிஸ்கட், குளிர்பானம். எல்லாவற்றையும் நிறுத்து. சோற்றைக் குறை. நட. அடுத்த ஆள்.

வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தபோது கையில் ஒரு துண்டுப்பிரசுரம் தந்தார்கள். தமிழில்தான் இருந்தது. 'சீனியை தவிருங்கல்' என்று தலைப்பு. எனக்கு நோய் வந்த கவலை ஒரு நிமிடம் மறந்துபோனது. இருபது வருடத்துக்கு மேலாகக் கல்யாணப் பத்திரிகையும் செத்த வீட்டு அந்தியேட்டி அழைப்பும் பிழை திருத்துகிற கை இது. கைப்பையில் எப்போதும் சிவப்புப் பேனா இருக்கும். பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கப் பார்க்க ஐந்து இடத்தில் திருத்தி, அங்கே இருந்த தாதியிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"மிஸ், அடுத்த முறை அச்சடிக்கும்போது இத பாத்துக்கச் சொல்லுங்க. தமிழ் ஆளுங்களுக்கும் கண்ணு இருக்கு."

அந்தப் பிள்ளை யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஓம் அம்மா, நானும் எத்தினை தரம் சொல்லிப்போட்டன். ஒருத்தரும் கேக்கினம் இல்லை. நீங்கள் என்ன வேலை செய்யிறீங்கள்?"

சொன்னேன். அப்படியே பேச்சோடு பேச்சாக, ஞாயிற்றுக்கிழமைகளில் கேக் சுடுவேன் என்றும், இனி அதை எப்படி விடுவது என்று தெரியவில்லை என்றும் சொன்னேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. நாற்பத்தொன்பது வயதுப் பெண் கேக்குக்காக ஆஸ்பத்திரி வாங்கில் அழுவதா என்று வெட்கமாகவும் இருந்தது.

அவள் சிரிக்கவில்லை.

"ஏன் விடுறீங்கள்? செய்யிறதால சீனி ஏறாது அம்மா, சாப்பிடுறதாலதான் ஏறும். சீனியக் குறைச்சுச் செய்து பாருங்கோ. நீங்கள் ஒரு சின்னத் துண்டோட நிப்பாட்டிப்போட்டு மிச்சத்தை மற்றாக்களுக்குக் குடுங்கோ. ஆனா அந்த ஒரு துண்டு ஒரு துண்டாத்தான் இருக்க வேணும்."

அந்த இரண்டு மாதத்தில் எனக்குச் சொல்லப்பட்ட புத்திமதிகளில் புத்தியோடு சொல்லப்பட்டது அது ஒன்றுதான்.

மற்றவர்கள் சொன்னதைக் கேளுங்கள். கித்துள் பாணியில் செய்தால் சீனி ஏறவே ஏறாது என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. பாணி இனிப்பில்லாமல் வேறென்ன? பாகற்காயை அரைத்துக் குடித்துவிட்டு எதை வேண்டுமானாலும் தின்னலாம் என்றார் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத ஒருவர். அச்சகத்தில் முதலாளியின் பிறந்த நாளுக்கு நானே கேக் சுட்டுக்கொண்டு போனேன். வெட்டித் தட்டில் வைத்து எல்லோருக்கும் நீட்டியவர், என் முறை வந்ததும் தட்டை அப்படியே என் தலைக்கு மேலால் கொண்டுபோய் அடுத்தவருக்கு நீட்டினார். "ராஜிக்கு வேணாம், பாவம், சீனி" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

முதலாளிக்கும் சீனி. பத்து வருடமாகச் சீனி. வட்டிலப்பம் எங்கே கிடைத்தாலும் இரண்டு கிண்ணம் சாப்பிடுவார். அவரிடமிருந்து யாரும் ஒரு கரண்டியைக்கூடப் பிடுங்கியதை நான் பார்க்கவில்லை. ஆணுக்குச் சீனி வந்தால் அது வருத்தம். பெண்ணுக்கு வந்தால் அவள் ஏதோ களவாகத் தின்று பிடிபட்டுவிட்டாள் என்கிற மாதிரி ஒரு பார்வை.

புரூப் பார்த்துக் கற்ற கேக்

நான் கேக் சுடக் கற்றுக்கொண்டது எந்தக் குசினியிலும் இல்லை. நான் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அங்கே யாரிடம் ஓவன் இருந்தது? கேக் என்றால் எங்களுக்குத் தீபாவளிக்குக் கடையிலிருந்து வரும், எண்ணெய்த்தாள் ஒட்டிய மஞ்சள் துண்டுதான்.

அச்சகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு சின்னப் புத்தகம் அச்சுக்கு வந்தது. தேவாலயத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து தங்கள் சமையல் குறிப்புகளைத் தொகுத்திருந்தார்கள். முதல் புரூப், இரண்டாம் புரூப், மூன்றாம் புரூப் என்று நான் அதைப் படித்துப் படித்தே பட்டர் கேக், ரிப்பன் கேக், லவ் கேக் எல்லாம் மனப்பாடமாகிவிட்டன. ஓவனைத் தொட்டுப் பார்த்திராத எனக்கு, பட்டரையும் சீனியையும் எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்பது ஒரு எழுத்துப் பிசகாமல் தெரியும்.

ஒரு குறிப்பில் சீனியின் அளவுக்குப் பின்னால் ஒரு பூச்சியம் கூடுதலாக விழுந்திருந்தது. சமைத்துப் பார்க்காமலே அதைப் பிடித்துவிட்டேன். பட்டரின் அளவோடு அது ஒத்து வரவில்லை. என் வாழ்க்கையில் நான் முதன்முதலாகக் குறைத்த சீனி அதுதான்.

பிறகு வாடகை வீட்டில், மண் சட்டிக்குள் மணல் பரப்பி, அதற்கு மேல் தகரத் தட்டை வைத்து, மூடியின் மேல் தணல் போட்டு முதல் கேக்கைச் சுட்டேன். மேலே கரி, நடுவில் பச்சை மா. நானும் அவரும் ஓரத்தை மட்டும் சுரண்டித் தின்றோம். அவர்தான் அதிகம் தின்றார் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

ஓவன் வந்தது ஒரு தேர்தல் காலத்தில். சுவரொட்டியும் துண்டுப்பிரசுரமுமாக அச்சகம் ஓயாமல் ஓடிய மாதங்கள். அந்த ஓவர்டைம் பணத்தில் வாங்கினேன். மகளின் படிப்புக்கும் வீட்டுக்கும் போக, எனக்கென்று நான் வாங்கிய பொருள் அது ஒன்றுதான். மகள் இப்போது மட்டக்களப்பில் படிக்கிறாள். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இன்னும் இருப்பது அந்த ஓவனால்தான்.

தின்கிற ஆசையில்தான் சுடுகிறேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பட்டரும் சீனியும் சேர்ந்து, கரகரப்பு அடங்கி, மஞ்சள் வெளுத்து, கரண்டி லேசாகிற அந்த நேரத்தை என்னவென்று சொல்வது? ஆறு நாளும் பிறர் பெயரையும் பிறர் முகூர்த்தத்தையும் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்த பிறகு, ஓவனுக்குள் அந்த மஞ்சள் லைட்டில் ஒன்று மெதுவாக எழும்பி வருவதை முக்காலியில் உட்கார்ந்து பார்ப்பேன். வெந்துகொண்டிருக்கிற கேக்குக்குக் காதைக் கொடுத்தால் உள்ளே நொறுநொறுவென்று ஒரு சத்தம் கேட்கும். அது அடங்கினால் வெந்துவிட்டது என்று அர்த்தம். இதை எந்தப் புத்தகத்திலும் நான் புரூப் பார்க்கவில்லை. நானே கண்டுபிடித்தது.

நின்றபடி நாலு துண்டு

தாதிப்பிள்ளை சொன்னபடி சீனியைக் குறைத்துப் பார்த்தேன். முதல் ஞாயிறு நேர் பாதியாகக் குறைத்தேன். கேக் எழும்பவில்லை, மேலே நிறமும் பிடிக்கவில்லை. முந்தாநாள் பாண் மாதிரி தொண்டையில் நின்றது. சீனி இனிப்புக்கு மட்டும் இல்லை, ஈரத்துக்கும் மென்மைக்கும் நிறத்துக்கும் அதுதான் காரணம் என்று அப்போதுதான் விளங்கியது.

அடுத்த வாரம் கனிந்த வாழைப்பழம் போட்டேன். களியாகிவிட்டது. பிறகு கொஞ்சம் தயிர், தோடம்பழத் தோல் துருவல், ஏலம். சீனியைக் கால்வாசி குறைத்தால் யாருக்கும் தெரியவில்லை. மூன்றில் ஒன்று குறைத்தால் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிந்தது. "என்னா இது, மருந்து மாதிரி" என்று தட்டைத் தள்ளிவிட்டார்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டால் இந்தக் கோபத்துக்கு நியாயம் இருக்காது.

ஒரு ஞாயிறு பின்னேரம் கேக் சரியாக வந்துவிட்டது. மூன்றில் ஒரு பங்கு சீனி குறைவு, ஆனாலும் மென்மை. சந்தோஷத்தில் ஒரு துண்டு வெட்டிச் சாப்பிட்டேன். ஓரம் எப்படி என்று பார்க்க இன்னொன்று. நடுப்பகுதி வெந்திருக்கிறதா என்று இன்னொன்று. நான்காவதுக்கு எந்தக் காரணமும் இல்லை. குசினியில் நின்றபடி, தட்டுக்கூட எடுக்காமல், கையில் வைத்துத் தின்றேன். இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் அந்த நான்கு துண்டில் போனது.

பிறகு நெடுநேரம் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் ஓவன் பிலிமத்தலாவைக்குப் போனது.

ஐசிங் ரோசாப்பூ

சனிக்கிழமை பின்னேரம் முழுக்கச் சண்டை. திரும்பக் கொண்டுவாருங்கள் என்றேன். குடுத்ததைத் திரும்பக் கேட்டு எந்த முகத்தோடு போவது, மானம் போய்விடும் என்றார். என் பொருளை நான் இல்லாத நேரம் தூக்கிக்கொண்டு போனபோது போகாத மானம், அதைத் திருப்பிக் கொண்டுவரும்போது மட்டும் போகுமாம்.

ஞாயிறு காலை சேலையைக் கட்டிக்கொண்டு நானே கிளம்பினேன். டவுனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து பிலிமத்தலாவைக்கு இன்னொன்று. பேராதனை தாண்டும்வரை மதினியிடம் என்னென்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் அச்சுக் கோத்துக்கொண்டே போனேன். இவருடைய அக்காவை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். தம்பியை ஏவிவிட்டதே இவளாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டியிருந்தேன்.

பித்தளைக் குத்துவிளக்குக் கடைகளுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் அவர்கள் வீடு. பிள்ளைகள் கொழும்பில். மதினி தனியாகத்தான் இருக்கிறார். முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவர் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"வா புள்ள, வா! தனியாவா வந்த? தம்பி வரலியா?"

முன்னறையில், அலுமாரிக்குப் பக்கத்தில், பூப்போட்ட துணி போர்த்தி என் ஓவன் இருந்தது. மேலே ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி.

நான் வாயைத் திறப்பதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது. ஒரு வாய் குடித்தேன். நல்ல சீனி. பக்கத்தில் தட்டில் கடைக் கேக், மேலே ரோசா நிறத்தில் ஐசிங் பூ.

"மதினி, எனக்குச் சீனி."

"தெரியும் புள்ள. ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது, சாப்புடு."

என் கேக்குக்கு ஓவன் பறிபோனது. கடைக் கேக்குக்கு உபசாரம். கோப்பையைக் கீழே வைத்தேன். அதற்குள் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒனக்கு எம்மேல எவ்வளவு பாசம்! பக்கத்து வீட்டுல எல்லாருக்கும் காட்டிட்டேன். 'அவளுக்கு இனிமே வேணாமாம், அக்காவுக்குக் குடுக்கச் சொன்னா'ன்னு தம்பி சொன்னதும் எனக்குக் கண்ணே கலங்கிருச்சு."

பஸ்ஸில் கோத்துக்கொண்டு வந்த எழுத்தெல்லாம் கொட்டிவிட்டது.

"நான் குடுக்கல மதினி."

"என்னா?"

"நான் வேலைக்குப் போயிருந்தேன். வந்து பாத்தா ஓவன் இல்ல. என்னைய ஒரு வார்த்த கேக்கல. நான் சொன்னதா ஒங்ககிட்டச் சொன்னதும் பொய்."

மதினி என் கையை விட்டார். எழுந்துபோய் ஓவன் மேலிருந்த பூச்சாடியை எடுத்துக் கீழே வைத்தார். முகத்தில் அவமானம் நன்றாகவே தெரிந்தது. ஊருக்கெல்லாம் காட்டிய பொருள் அல்லவா?

"குடுத்தத திரும்பக் கேப்பாங்களான்னு ஒன்னையக் கேக்கலாம்னு வாயெடுத்தேன்" என்றார். "குடுக்காதவகிட்ட அதக் கேக்க முடியாதே."

மதினி சொன்னது

நான் எழுந்தேன். மதினி உட்காரச் சொன்னார்.

"அவன் செஞ்சது தப்பு. ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுட்டுப் போ. எங்கம்மா கால எடுத்தது ஒனக்குத் தெரியும்ல?"

தெரியும். மாமியாருக்குச் சீனியில் கால் விரலில் புண் வந்து, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் அப்போது மகளைப் பெற்றெடுக்கத் தெல்தோட்டைக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். டொக்டர்மாரே முடிவு செய்துவிட்டார்கள் என்றுதான் இவர் என்னிடம் சொன்னார்.

"டொக்டர் முடிவு பண்ணினாரு, சரி. கையெழுத்து யாரு போட்டது? அம்மா காய்ச்சல்ல நெனவில்லாம கெடந்துச்சு. என்னையப் போடச் சொன்னாங்க. நான் மாட்டேன்னு அழுதுக்கிட்டு வெளிய ஓடிட்டேன். அவன்தான் போட்டான். ஒங்க கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகல, சின்ன வயசு."

"என்கிட்ட சொல்லலியே மதினி."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டான். அம்மாவுக்கு நெனவு வந்ததும் போர்வையத் தடவிப் பாத்துச்சு. அப்புறம் அவனப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. 'என்னையக் கேக்காம எப்புடிடா வெட்டச் சொன்ன?' ஒரு மாசம் அவன்கூடப் பேசல. அவன் தெனமும் வேலை முடிஞ்சு வந்து கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்துட்டுப் போவான்."

வெளியே ரோட்டில் பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு போனது. நான் கடைக் கேக்கின் ரோசாப்பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடத்துக்கு மேலாக ஒரே தலையணையில் படுத்த மனிதர். இதை ஏன் எனக்கு இவர் அக்கா வாயால் தெரிய வேண்டியிருந்தது? பாவமாகவும் இருந்தது, அந்தப் பாவத்தோடு சேர்ந்து கோபம் இரண்டு மடங்காகவும் ஆனது. நினைவில்லாமல் கிடந்த அம்மாவைக் கேட்க முடியவில்லை, சரி. நான் நினைவோடுதானே அச்சகத்துக்குப் போயிருந்தேன்? கையில் போனும் இருந்ததே!

"அவருக்குப் பயம்னா பயம்னு சொல்லியிருக்கலாம் மதினி. நானும்தான் பயந்துபோய்க் கெடக்குறேன்."

மதினி உள்ளே போய் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இரு, நானும் வாறேன். எங்கிட்டப் பொய் சொன்னதுக்கு நான் கேக்க வேணாமா?"

ஓவனுக்குள் எறும்புக்குப் பயந்து அவர் வைத்திருந்த இரண்டு பிஸ்கட் பைக்கட்டுகளை வெளியே எடுத்தோம். ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து ஒழுங்கைக்கு வந்து ஆட்டோ ஒன்றை மறித்தோம். பின் ஆசனத்தில் நான், மதினி, நடுவில் எங்கள் இருவர் மடியிலுமாக ஓவன். பேராதனைப் பாலத்தடியில் வாகன நெரிசல். அதன் கண்ணாடிக் கதவு ஒவ்வொரு குலுக்கலுக்கும் திறந்து திறந்து மதினியின் முழங்கையில் இடித்தது. அம்பிட்டிய வரும்வரை அவர் ஒரு தடவைகூட முனகவில்லை.

கேட்பது எதற்கு

ஆட்டோச் சத்தம் கேட்டு இவர் வாசலுக்கு வந்தார். அக்காவைக் கண்டதும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

"பிடிடா" என்றார் மதினி. "நீதானே ஏத்திக்கிட்டு வந்த, நீயே எறக்கு."

அவரே தூக்கிக்கொண்டு போய், விரிப்பில் இருந்த அந்த நான்கு பள்ளத்தில் கால் பொருந்தும்படி வைத்தார்.

"நான் எப்ப சொன்னேன், அக்காவுக்குக் குடுக்கச் சொல்லி?" என்றேன்.

"அத அப்புடிச் சொன்னாத்தான் அக்கா வாங்கும்."

"என்னையக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ மாட்டேன்னு சொல்லுவ."

"மாட்டேன்னு சொல்றதுக்கும் சேத்துத்தாங்க கேக்குறது!"

நான் இவ்வளவு சத்தமாகக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டு ரேடியோ நின்றுவிட்டது.

அவர் கதிரையில் உட்கார்ந்தார். எங்கள் இருவரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

"போன ஞாயித்துக்கெழம வேன் கழுவிக்கிட்டு இருந்தேன். குசினி ஜன்னல் தெறந்திருந்துச்சு. நீ நின்னுக்கிட்டே தின்னுக்கிட்டிருந்த. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நான் பாத்துக்கிட்டே நின்னேன். அம்மா கால்தான் கண்ணுக்கு முன்னால வந்துச்சு. ஓடி வந்து கையப் பிடிக்கணும் போல இருந்துச்சு. வரல. என்ன சொல்றதுன்னு தெரியல."

எனக்கு முகம் சுட்டது. பார்க்கப்பட்டுவிட்டேன் என்கிற வெட்கத்துக்கு எந்த வயதிலும் பழக்கம் வராது போலிருக்கிறது.

"அது தப்புத்தான்" என்றேன். "நாலும் தப்பு. அத எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் அழுதிருப்பேன், இல்லாட்டிச் சண்ட போட்டிருப்பேன். ஓவன் என்னங்க செஞ்சிச்சு? அது இல்லாட்டிக் கடையில வாங்கித் திங்க எனக்குத் தெரியாதா? நீங்க பயந்தது காலுக்கு. தூக்கிட்டுப் போனது என் ஞாயித்துக்கெழமைய."

மதினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்.

"அம்மா கேட்டத நீ மறந்துட்டியாடா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

இதெல்லாம் நடந்து இப்போது ஆறேழு மாதம் இருக்கும். என் சீனி எண் அதற்குப் பிறகு இரண்டு கிளினிக்கில் இறங்கியது, தீபாவளிக்குப் பின் கொஞ்சம் ஏறியது, இப்போது மறுபடி இறங்கி வருகிறது. பாதம் எரிவது குறைந்திருக்கிறது. அவர் தேத்தண்ணியில் மூன்று கரண்டி ஒன்றாகிவிட்டது. அந்த ஒன்றைப் போடும்போது என்னைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொள்வார். ஓவன் விஷயத்தில் எனக்கு இன்னும் முழுதாகக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் இல்லை என்று நினைக்கிறேன்.

ஓவன் திரும்பி வந்த அந்த ஞாயிறு மத்தியானம், மூன்று பேரும் சோறு சாப்பிட்ட பிறகு, நான் மாவைச் சலித்தேன். தராசில் சீனியை நிறுத்து, மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி டப்பாவில் கொட்டினேன். சனிக்கிழமை வாங்கிய முட்டையில் மூன்றை உடைத்தேன். தோடம்பழத் தோலைத் துருவினேன், இரண்டு ஏலம் இடித்தேன், இரண்டு கரண்டி தயிர் விட்டேன். பெரிய தட்டை விட்டுவிட்டுச் சின்னத் தட்டில் ஊற்றினேன். மதினி முக்காலியில் உட்கார்ந்து கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார். கேக் எழும்ப எழும்ப அவர் வாயும் திறந்துகொண்டே வந்தது.

வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். குசினி முழுக்கத் தோடம்பழ வாசம். இவர் வாசலில் வந்து நின்றார். கையில் கத்தி.

"ஒரு துண்டு வெட்டட்டுமா?" என்று கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து என் குசினியில் அவர் ஒரு பொருளையும் கேட்டு எடுத்ததில்லை. மதினி என் முகத்தைப் பார்த்தார்.

"வேணாம்" என்றேன்.

அவர் கத்தியை மேசையில் வைத்துவிட்டுப் போய்க் கதிரையில் உட்கார்ந்தார். முகம் சுளிக்கவில்லை, முணுமுணுக்கவில்லை. நான் வேண்டாம் என்றதால் வீடு இடிந்து விழவில்லை. மதினி கேக்குக்கு மேல் வந்த ஈயை விரட்டினார். சூடு ஆறும்வரை மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

பிறகு நானே வெட்டினேன். அவருக்கு ஒன்று, மதினிக்கு ஒன்று. என் துண்டுக்குக் கத்தியை வைத்து, கொஞ்சம் யோசித்து, ஓரத்தை நோக்கி விரலளவு தள்ளி வைத்து, மெல்லியதாக வெட்டினேன். தட்டில் போட்டு, உட்கார்ந்து, மெதுவாகச் சாப்பிட்டேன்.